ஒரு விரல் ஒழுங்கை

1986ஆம் ஆண்டு ஏப்ரல் மூன்றாம் திகதி வியாழக்கிழமை, காலை ஏழேகால் மணிக்கு, டெக்சாஸ் பேர்லேண்டில் இருக்கும் அல்பிரட், மேர்சி தம்பதியின் கராஜுக்குள் லுமாரா என்ற நாடு வந்து சேர்ந்தது. அந்தக் கிழமை பெற்றோல் ஒரு கலன் எண்பத்திரண்டு சதம் விற்றது. நாடு இருபதடி நீளம், பதினெட்டடி அகலம். சீமெந்துத் தரை வீங்கி வெடித்து, வெடிப்புக்குள்ளிருந்து முதலில் மலைகளும், பிறகு சமவெளியும், கடைசியில் உடுப்புத் தோய்க்கிற மெஷின் பக்கமாகக் கடலும் வந்தன. நல்ல காலம், வேலைக்குப் போகவென்று மேர்சி அப்போதுதான் காரை வெளியே எடுத்திருந்தாள். மழைக்குக் களிமண் வீங்கித் தரையைப் பிளப்பது அந்தப் பக்கத்தில் வழக்கம் என்பதால், பவுண்டேஷன் திருத்துகிற ஒருவனைக் கூப்பிட்டார்கள். அவன் முழங்காலில் இருந்து டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இது களிமண் இல்லை, நாடு, நாட்டுக்குத் தன் கம்பெனி வாரண்டி கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டுப் போனான்.

அது லுமாராதான் என்று கண்டுபிடித்தவர் அல்பிரட். எழுபத்திரண்டிலிருந்து எழுபத்தெட்டு வரை அந்த நாட்டின் பென்டோ துறைமுகத்தில் அலைதடுப்புச் சுவர் கட்டிய எஞ்சினியர் அவர். தான் கட்டிய சுவரைத் தன் கையெழுத்தைப் போல அறிந்தவர். சுவர் முடிய இருநூறு மீற்றர் இருக்கும்போது வடக்கு நாட்டோடு யுத்தம் மூண்டது. துறைமுகத்தில் குண்டு விழுந்த அன்று, அந்த நாட்டுக்காரரான ஓவசியர் யோசுவா அல்பிரட்டையும் மேர்சியையும் சீமெந்து லொறியில் ஏற்றிப் பதினாலு மணித்தியாலம் ஓட்டி விமானம் ஏற்றிவிட்டார். வழியில் மூன்று சோதனைச் சாவடிகளில், இவன் என் தம்பி, இவள் தம்பி பெண்சாதி என்று, சாயலைப் பார்த்தாலே தெரிகிற பொய்யை முகம் மாறாமல் சொன்னார். திரும்பி வந்து சுவரை முடிப்பேன் என்று அல்பிரட் அவர் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தார். இப்போது கராஜில் அந்தச் சுவர் மெஷினுக்குப் பக்கத்தில் கிடந்தது, ஓர் அரிசி அளவு இடைவெளியோடு.

மேர்சிக்கு நாடு வந்ததில் ஆச்சரியத்தை விட ஆறுதல்தான் அதிகம். எண்ணெய் விலை விழுந்து, ஹூஸ்டனில் எஞ்சினியர்களைக் கூட்டம் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பிய வருடம் அது. மார்ச்சில் அல்பிரட்டுக்கும் லே-ஓஃப் கடிதம் வந்திருந்தது. அதற்குப் பிறகு மனிதர் சவரம் செய்யவில்லை, சோபாவை விட்டு எழும்பவில்லை, ஆஸ்பத்திரி லாப் வேலை முடிந்து அவள் வரும்போது, காலையில் வைத்துவிட்டுப் போன சோறு அப்படியே இருக்கும். இந்த மனிதர் இப்படியே உருகிக் காணாமல் போய்விடுவார் என்று அவள் உண்மையாகவே பயந்துபோயிருந்தாள். அந்த வியாழக்கிழமை பின்னேரம் அவள் வந்து பார்த்தபோது, அல்பிரட் சவரம் செய்து, பழைய களிசானைப் போட்டுக்கொண்டு, கடல் பக்கம் குப்புறப் படுத்துக் கிடந்தார். தோழரான பல் டொக்டர் மகேந்திரராசா பல்லுக்கு அச்செடுக்கும் சாந்தோடு பக்கத்தில் குந்தியிருந்தார். அல்பிரட் ஊசிமுனையில் சாந்தைத் தொட்டு, மூச்சை அடக்கி, அந்த அரிசி அளவு இடைவெளியை அடைத்தார். ஆறு கிழமை கழித்து யோசுவாவிடமிருந்து கடிதம் வந்தது. ஏப்ரல் நாலாம் திகதி விடியும்போது சுவர் முடிந்திருந்ததாம். எட்டு வருடத்துக்குப் பிறகு முதல் கப்பல் உள்ளே வந்து மாவும் மருந்தும் இறக்கியதாம். வேலை சுத்தமாக இருக்கிறது, உன் வேலைதான் என்று எழுதியிருந்தார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் பேர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்கு வருகிற சனம், பிரசாதம் வாங்கிய கையோடு நேரே அல்பிரட்டின் கராஜுக்கு வரத் தொடங்கியது. லே-ஓஃப் ஆன எஞ்சினியர்கள் அந்த ஊரில் தடுக்கி விழுந்த இடமெல்லாம் இருந்தார்கள். அல்பிரட் அரண்களைப் பார்த்துக்கொண்டார், மேர்சி பொருளாதாரத்தைப் பார்த்துக்கொண்டாள். லாப்பில் பழகிய கை என்பதால், கண்ணுக்கு மருந்து விடுகிற குழாயால் சொட்டுச் சொட்டாக விட்டுத் தெற்குச் சமவெளிக்கு வாய்க்கால் வெட்டினாள். கடற்கரையில் உப்பளம் போட்டாள். ஆற்று வாயில் அடைந்த மணலைக் கேக்குக்கு முட்டை பூசும் தூரிகையால் கூட்டினாள். மூன்றாம் தெருவில் இருந்த சென்னைக்காரி அனந்தலக்ஷ்மி மாமி, பென்டோவிலிருந்து மலையடிவாரம் வரை அரிசிமாவில் ஒரே இழையாகக் கோலம் இழுத்தாள். மறுநாள் அங்கே ரயில் ஓடியது. அடுத்த கிழமை கராஜுக்குள் எறும்பு புகுந்து நாற்பது மைல் தண்டவாளத்தைத் தின்றுவிட்டது. மாமி வீட்டுக்குப் போய்க் கல்மாவு எடுத்து வந்து திரும்பவும் இழுத்தாள், அது நின்றது. அளவுகள் எல்லாம் எப்படிப் பொருந்துகின்றன என்று அல்பிரட் ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தார். பொருந்தவில்லை. பேப்பரைக் கிழித்துப் போட்டார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு விரல் அகலம் ஒரு மைல் என்பதுதான்.

யுத்தம் அதுபாட்டுக்கு நடந்தது. ஒவ்வொரு நாளும் பின்னேரம் நாலு மணிக்கு வடக்கு எல்லையில், தண்ணீர் சூடாக்கும் தாங்கிக்குக் கிட்ட, நெருப்புக்குச்சித் தலையளவு வெளிச்சங்கள் வெடித்து அணையும், மெல்லிய கந்தக மணம் வரும். பாலம் உடைந்தால் மறுநாள் கட்டினார்கள். ஆலை எரிந்தால் சாம்பலை ஊதிவிட்டு வேறு ஆலை வைத்தார்கள். ஆட்களைக் கண்ணால் காண முடியாது, அவ்வளவு சின்னவர்கள். ஆனால் பொழுதுபட விளக்குகள் ஏறும். எண்பத்தாறில் பென்டோவில் பதினொரு விளக்கு. எண்பத்தேழு முடியும்போது மேர்சி எண்ண எண்ண முடியாமல் விட்டுவிட்டாள். யுத்தத்துக்குள்ளேயே ஒரு நாடு நிமிர்கிறதை, ஒரு கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று பார்ப்பதில் அவளுக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

வடக்கு எல்லைக்கு அல்பிரட் பல்லுக் குத்தும் குச்சிகளை நட்டு வேலி போட்டிருந்தார். அங்கே அவை எல்லைத் தூண்களாக நின்றன. ஈரம் பட்டு நாலைந்து குச்சி துளிர்த்தும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் வேலிக்கு நட்ட கதியால் தடி துளிர்ப்பது போலத்தான் என்று யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. எண்பத்தெட்டு ஜனவரியில், வருடம் பிறந்தால் வேலி அடைக்க வேண்டும் என்ற பழக்கத்தில், அல்பிரட் உக்கின குச்சிகளைப் பிடுங்கிவிட்டுப் புதுக்குச்சி நட்டார். இருநூற்றுப் பன்னிரண்டு குச்சி. அந்த வேலை முடிந்த மூன்றாம் நாளிலிருந்து வெளிச்சங்கள் நாலு மணிக்கு என்றில்லாமல் நாள் முழுக்க வெடித்தன. எல்லையோடு நிற்கவும் இல்லை. ஒவ்வொரு நாளும் ஒரு விரல், அரை விரல் என்று தெற்கே இறங்கின. ரயில் அறுந்தது. மேர்சி வேலையால் வந்து பார்க்கும்போதெல்லாம் பென்டோவில் விளக்குகள் குறைந்திருந்தன.

பெப்ரவரி முடிவில் யோசுவாவின் கடிதம் வந்தது. எல்லைத் தூண்கள் ஒரே நாளில் தாங்களாகவே ஒரு மைல் வடக்கே நடந்து, அந்தப் பக்கத்தாரின் ஆற்றையும் மூன்று கிராமங்களையும் இந்தப் பக்கம் ஆக்கிவிட்டன என்று எழுதியிருந்தார். நாங்கள் செய்யவில்லை என்றால் அவர்கள் நம்ப மாட்டேன் என்கிறார்கள், தூங்கிக்கொண்டிருந்த பீரங்கியெல்லாம் எழும்பிவிட்டது. வீட்டுக்குக் கீழே கிடங்கு வெட்டி ஏழு பேரும் அதற்குள் இருக்கிறோம், கடைசி மகளுக்கு இருட்டில் இருந்து இருந்து பேச்சு நின்றுவிட்டது, மழைக்கு முன் இது அடங்காவிட்டால் கிடங்கில் தண்ணீர் ஏறும், பிறகு எங்கே போவது என்று தெரியவில்லை. மேர்சி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். தூண்கள் நடந்த கதை அவளுக்கு விளங்க நேரம் எடுக்கவில்லை. அவளுடைய அப்பாவும் அல்பிரட்டின் அப்பாவும் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பக்கத்து வளவுக்காரர்கள். வேலி அடைக்கும்போது ஒரு விரல் தள்ளி நட்ட பூவரசங்கதியாலுக்காகப் பதினேழு வருடம் வழக்காடிக் கோடு ஏறியவர்கள். இவர்களுடைய கல்யாணமே, வழக்கைக் கேட்ட நீதவான் பென்ஷன் எடுத்து, புதியவருக்கு அந்தக் கட்டுக்கட்டான பைலை வாசிக்க மனமில்லாமல் வழக்குக் கிடப்பில் போன வருடத்தில்தான் நடந்தது.

அவள் கடிதத்தோடு கராஜுக்குப் போனாள். அல்பிரட் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ, உண்மையைச் சொல்லுங்கோ. வேலியைத் தள்ளி அரக்கினியளோ?"

அல்பிரட் தலையை நிமிர்த்தவில்லை. "ஒரு விரல்தானே மேர்சி. அங்காலை ஆறு இருக்கு. ஆறு எங்கட பக்கம் வந்தால் டிஃபென்ஸுக்கு நல்லது எண்டு நினைச்சன்."

"ஒரு விரல்தான் எண்டு உங்கட அப்பாவும் கோட்டிலை சொன்னவர். யோசுவாவின்ரை ஏழு பேரும் கிடங்குக்குள்ளை இருக்கினம். அவைக்கு அந்த ஆறு என்னத்துக்கு?"

அல்பிரட் கடிதத்தை வாங்கி வாசித்தார். வாசித்து முடிய, சாந்து பூசின கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டார். யோசித்துச் செய்ததில்லை என்றார். குச்சியைப் பிடுங்கி நடும்போது கை தானாக ஒரு விரல் அங்கால் போனது, ஆற்றைப் பற்றிய நியாயமெல்லாம் பிறகு வந்தது என்றார். அது உண்மை என்று மேர்சிக்குத் தெரியும். அதனால் அவளுக்குக் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. வெட்கமாகவும் இருந்தது. அவளுடைய அப்பாவின் கையும் அதே கைதான்.

குச்சிகளைப் பின்னுக்கு எடுக்க வேண்டும் என்று முடிவானது. சொல்வது சுலபம். அல்பிரட் பலகை போட்டு அதன்மேல் படுத்து முதல் குச்சியைப் பிடித்தார். பிடுங்க வரவில்லை. குச்சிகள் அதற்குள் வேர் விட்டிருந்தன என்பது ஒன்று, கை கேட்கவில்லை என்பது இன்னொன்று. பல்லுப் பிடுங்கும் குறட்டோடு வந்த மகேந்திரராசா, பார்த்துப் பெருமூச்சு விட்டார். "மச்சான், எங்கட ஊரிலை வேலியை முன்னுக்கு அரக்கினவன் ஆயிரம் பேர். பின்னுக்கு அரக்கினவன் ஒருத்தனைத்தன்னும் நான் கேள்விப்படேல்லை" என்றார். மேர்சி செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகையில் ஏறிப் புருஷனுக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்தாள். அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். முதல் குச்சி அரைமணித்தியாலம் எடுத்தது. இரண்டாவது பத்து நிமிடம். ஐம்பதுக்குப் பிறகு கை பழகிவிட்டது. பழைய குழியில் முதல் குச்சியை நடப்போன அல்பிரட்டை அவள் நிறுத்தினாள்.

"அதிலை வேண்டாம். இன்னும் ஒரு விரல் உள்ளுக்கு நடுங்கோ. ஒழுங்கை விடுவம்."

ஒழுங்கை என்றால், இரண்டு வளவுக்கு நடுவில் ஆளும் ஆடும் போய்வர விடுகிற பாதை. எங்கள் நிலத்திலிருந்தா என்று கேட்க அல்பிரட் வாயெடுத்தார். அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டுக் குச்சியை ஒரு விரல் உள்ளே நட்டார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் படுத்துக் கிடந்து இருநூற்றுப் பன்னிரண்டு குச்சியையும் நட்டார்கள்.

திங்கட்கிழமை வெளிச்சங்கள் வடக்கே ஏறத் தொடங்கின. வியாழக்கிழமை எல்லையில் ஒன்றும் வெடிக்கவில்லை. ஏப்ரலில் வந்த கடிதத்தில் யோசுவா நடந்ததை எழுதியிருந்தார். ஆறும் கிராமங்களும் அவரவருக்குத் திரும்பிவிட்டன. அது மட்டுமில்லை, ஒரு மைல் அகலத்துக்கு யாருக்கும் சொந்தமில்லாத நிலம் ஒன்று கிடக்கிறது. எங்களுடைய நிலத்தை நாங்களே விட்டதைக் கண்டு அவர்கள் என்ன சூழ்ச்சியோ என்று ஒரு கிழமை சுடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு கிழமைக்குள் இரண்டு பக்கத்துக் கிழவிகளும் மீனும் மரவள்ளியும் கொண்டுபோய் அங்கே சந்தை போட்டுவிட்டார்கள். சந்தைக்குமேல் சுட இரண்டு பக்கத்துச் சிப்பாய்களுக்கும் மனம் வரவில்லை, அவர்களும் அங்கேதான் புகையிலை வாங்குகிறார்கள். கிழக்கு மலையில் யுத்தம் இன்னும் இருக்கிறது, ஆனால் பென்டோவில் கப்பல் வருகிறது. ஏழு பேரும் மேலே வந்துவிட்டோம். கடைசி மகள் முதலில் சொன்ன சொல் "மீன்". அந்த ஒரு மைலுக்குப் பெயர் வைக்க வேண்டும், உனக்கு ஏதாவது தோன்றுகிறதா என்று கேட்டிருந்தார். அல்பிரட் ஒரு சொல்லில் பதில் எழுதினார். லுமாராவின் வரைபடங்களில் அந்த இடம் இப்போது ஒழுங்கை என்றுதான் இருக்கிறது, ழகரம் மட்டும் அவர்களுக்கு வாயில் வராது.

எண்பத்தொன்பதில் அல்பிரட்டுக்கு வெள்ளவாய்க்கால் இலாகாவில் வேலை கிடைத்தது. ஒக்டோபர்ப் புயலில் பின்வளவுப் பலகை வேலி சரிந்தபோது, பக்கத்து வீட்டு அமெரிக்கனும் அவரும் சேர்ந்து புதுவேலி அடைத்தார்கள். மேர்சி குசினி ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள். மூலைத் தூணை நடும்போது அல்பிரட்டின் கை ஒரு கணம் நின்றது. பிறகு தூணைத் தன் பக்கமாக ஒரு விரல் உள்ளே இழுத்து நட்டார். அளவு பிழை என்று அந்த மனிதர் நாடாவை எடுத்துக் காட்டினார். அல்பிரட் பரவாயில்லை என்று சிரித்தார். மேர்சிக்குக் கண் நிறைந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள்.

லுமாரா கராஜில்தான் இருக்கிறது. உடுப்புத் தோய்க்கப் போகும்போது கடலைத் தாண்டி ஓர் எட்டு வைத்தால் போதும். கார் வெளியில் நிற்கிறது.