துடைத்தவர் உள்ளே வரக் கூடாது

மார்ச் 14, வியாழக்கிழமை. என் மகள் பணிபுரியும் சோதனைக்கூடத்தின் கதவில், நான் உள்ளே நுழையக் கூடாது என்று இன்று காலை எழுதி ஒட்டியிருக்கிறார்கள். முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆசிரியராக இருந்த என்னை எந்தக் கதவும் இதுவரை இப்படி அவமதித்ததில்லை.

நேற்று, மகள் வீட்டில் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்கத்தான் அங்கே போனேன். மேசைமீது விரல் நீளத்தில் ஆறு உலோகக் கம்பிகள் கிடந்தன. அலுமினியக் கலவைப் பொடியை லேசரால் அடுக்கடுக்காக உருக்கி அச்சிட்டு, பிறகு கடைந்தெடுத்தவை. சிலவற்றை நிமிர்த்தி அச்சிட்டிருந்தார்கள், சிலவற்றைப் படுக்கவைத்து. இரண்டு வகையையும் இழுத்துப் பார்ப்பார்கள். எது தாங்குகிறதோ, அந்த வாக்கில்தான் செயற்கைக் காலின் கணுக்கால் மூட்டை அச்சிடுவார்கள். முடிவைக் கேட்கக் கால் செய்யும் நிறுவனத்தார் மூன்று மணிக்கு வருவதாக இருந்தது. புதிதாகக் கம்பி அச்சிட ஒன்பது நாள் ஆகும். அவ்வளவு நாள் பொறுக்க மாட்டோம், வேறு கூடத்துக்குப் போய்விடுவோம் என்று முன்பே சொல்லியிருந்தார்களாம்.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. கம்பி முனைகளில் யாரோ மையால் கிறுக்கி வைத்திருந்தது மட்டுமே கண்ணில் பட்டது. பக்கத்தில் ஸ்பிரிட் புட்டி, சட்டைப்பையில் கைக்குட்டை. இரண்டே நிமிடத்தில் ஆறும் பளபளத்தன.

மகள் வந்தாள். "அப்பா, இதுல மார்க் இருந்துச்சே, எங்கே?"

"ஒரே அழுக்கும்மா. துடைச்சுட்டேன்."

"ஐயோ, அது அழுக்கு இல்லப்பா! எது நின்னது, எது படுத்ததுன்னு அடையாளம்!"

'சோடாபுட்டி' என்று எல்லோரும் அழைக்கும் அவளுடைய சக ஊழியன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "நல்லவேளை சார், எங்க மூஞ்சியை விட்டுவச்சீங்க."

மகள் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்பதரை. திடீரென்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "எழுந்திருடா சோடா! வெளியில இருந்ததைத்தானே துடைச்சாரு? உள்ள இருக்கிறதைத் துடைக்க முடியுமா?"

ஒவ்வொரு முனையிலும் ஒரு சில்லை அறுத்து, கண்ணாடிபோலத் தேய்த்து, அமிலத்தில் நனைத்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்தார்கள். படுத்த கம்பியில் உருகி உறைந்த உலோகக் குட்டைகள் மீன் செதில்போலத் தெரியும்; நின்றதில் லேசர் ஓடிய தடங்கள் பாய்ப் பின்னல்போலத் தெரியும். என்னையும் பார்க்கவிட்டார்கள்.

"முதல் கம்பி?"

"மீன்!" என்று கத்தினேன்.

"ரெண்டாவது?"

"பாய்!"

"மூணாவது?"

"மீனேதான்!"

மூவரும் ஏலக்கடைபோல் கூவிக்கொண்டே போனோம். கடைசியில் நான்கு மீன், இரண்டு பாய். சிரிப்பு சட்டென்று நின்றது.

"மூணு மூணுன்னுதானே குறிச்சே, சோடா?"

அச்சு இயந்திரத்தின் பதிவைத் திறந்தார்கள். படுத்தவை நான்கு, நின்றவை இரண்டு. படுத்த கம்பி ஒன்றில் சோடாபுட்டி 'நின்றது' என்று குறித்துவிட்டிருக்கிறான்! நான் துடைக்காதிருந்தால் நின்ற நோஞ்சான்களின் கணக்கில் படுத்த பலசாலி ஒருவன் புகுந்து, மூன்று மணிக்கு எல்லோரையும் குழப்பியிருப்பான்.

இரண்டு மணிக்கு இழுத்தார்கள். நின்றவை இரண்டும் டப், டப் என்று முதலிலேயே அறுந்தன. படுத்தவை நன்றாக நீண்டுகொடுத்த பிறகே அறுந்தன. வந்தவர்கள் முறிந்த துண்டுகளையும் படங்களையும் பார்த்துவிட்டு, "படுக்கவச்சே அச்சிடுங்க, வேலை உங்களுக்குத்தான்" என்றார்கள். அவர்கள் படியிறங்கியதும் மகள் என் கையைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி ஆடினாள். "நீங்க துடைச்சதாலதாம்ப்பா பிழைச்சோம்!" எனக்குத் தலை கிறுகிறுத்தது, ஆனாலும் ஆடினேன்.

விடிந்ததும் இந்த அறிவிப்பு! மகளின் கையெழுத்து, முற்றுப்புள்ளிகூட இல்லை. தொலைபேசியில் கேட்டால், "இன்னைக்கு இருபது கம்பிப்பா. உங்க கை சும்மா இருக்குமா?" என்று சிரிக்கிறாள்.

வாசகரே, நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். சொன்னதோடு நிற்காமல், அந்தத் தாளைக் கிழிக்கச் சொல்லி என் மகளுக்கு இன்றே ஒரு கடிதம் எழுதுங்கள், பிழையில்லாமல் எழுதுங்கள்.