செருப்பைக் கையில் எடுத்த மேயர்

தொலைக்காட்சியில் மேயர் இந்த வாரமும் தன் வீட்டு வாசலில் நின்று, ஷூக்களைக் கழற்றி, இரண்டையும் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மனைவி விழித்துவிடக் கூடாதென்று அடிமேல் அடி வைத்துப் போனவர், மீன் தொட்டியில் முட்டிக்கொண்டு விழுந்தார். மர்பி டவுன் வீட்டின் கூடத்தில் உத்தமன் கைதட்டிச் சிரித்தார். ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை புரியாத மரகதமும் பூண்டு உரிப்பதை விட்டுவிட்டுப் புருஷனோடு சேர்ந்து சிரித்தாள். சிரிக்காதவள் அவர்கள் மகள் பிரபா ஒருத்திதான். மேயரை அப்படி நடக்கவைத்தவள் அவள்.

வைட்ஃபீல்டில் அவள் வேலை பார்க்கும் ஸ்டூடியோவுக்குக் கதையும் குரல்களும் வெளிநாட்டிலிருந்து வரும். ஆட்களை நடக்கவும் விழவும் வைப்பது இங்கிருப்பவர்கள் பாடு. பெரியவர்களுக்கான கார்ட்டூன். அதில் நீதிபதி தூங்குவார், செய்தி வாசிப்பவள் கூசாமல் புளுகுவாள், மேயர் ஊர்ப் பணத்தைச் சுருட்டிவிட்டு ஒழுக்கம் பற்றிப் பேசுவார். ரத்தமும் சதையுமான நடிகர் செய்தால் முகம் சுளிப்பவர்கள்கூட, வண்ணம் அடித்த பொம்மை செய்தால் ரசித்தார்கள். இன்னொரு சௌகரியமும் இருந்தது. ஒரு வாரம் எதை உடைத்தாலும் மறு வாரம் அந்த வீடு பழையபடி இருக்கும். அதற்காகத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று பிரபாவுக்குத் தோன்றும். அவள் அந்த வேலையில் ஒட்டிக்கொண்டிருந்ததும் அதற்காகத்தான்.

மேயர் குடித்துவிட்டு வருகிறார் என்று மட்டும்தான் கதையில் இருந்தது. ஷூவைக் கழற்றவைத்தது பிரபா. ஆடுகோடி வொர்க்‌ஷாப்பில் வெல்டிங் வேலை முடிந்து, வழியில் ஊற்றிக்கொண்டு, உத்தமன் அப்படித்தான் வருவார். செருப்பு மார்பில் இருக்கும், சத்தமே இருக்காது. கடைசியில் தண்ணீர் டிரம்மில் மோதித் தெருவையே எழுப்பிவிடுவார். டிரம்மை உருட்டிய பிறகு அந்த வீட்டுக்குள் நடந்தவற்றை அவள் வரையவில்லை. யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

இப்போது உத்தமன் குடிப்பதில்லை. மஞ்சள் காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டவரிடம், இனி ஒரு சொட்டு உள்ளே போனாலும் பிழைக்க மாட்டீர்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து டீயும் டிவியும்தான். மரகதம் அதை நம்பினாள். நம்பிக்கொண்டே தினமும் அவர் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டுத் துவைத்தாள்.

"போன வாரம் கழுத்தே ஒடிஞ்சு போச்சு. இந்த வாரம் கோட்டு மாட்டிக்கினு ஆபீஸ் போறான் பாரு," என்றார் உத்தமன். "இவனுக்கு லிவரே இல்ல போல கீது."

ஷூவைக் கழற்றும் காட்சி எல்லோருக்கும் பிடித்துப்போனதுதான் வினையாயிற்று. கடைசிப் பகுதியில் மேயர் கேட்டிலிருந்து படுக்கையறை வரை ஒரே ஷாட்டில் நடக்க வேண்டும் என்று வெளிநாட்டுக்காரர்கள் கேட்டிருந்தார்கள். அந்த ஸ்டூடியோவில் எந்த அசைவையும் வரைவதற்கு முன் வரைபவரே அதை நடித்து, போனில் எடுத்து, அதைப் பார்த்து வரைவது வழக்கம். பிரபா நடித்து எடுத்த வீடியோவைப் பார்த்த டீம் லீட் சஹானா உதட்டைப் பிதுக்கினாள். "சும்னே, சும்மா ஆடுற மாதிரி இருக்கு பிரபா. குடிச்சவன் குடிக்காதவன் மாதிரி நடக்கப் பாப்பான். அதுதானே காமெடி?"

டிவி அணைந்த பிறகு, பிரபா போனை ஜன்னலில் சாய்த்துவைத்துவிட்டு, அம்மாவின் செருப்புகளை மார்போடு அணைத்துக் கூடத்தில் மறுபடி நடந்து பார்த்தாள். அப்பா கவனிக்கிறார் என்பது அவளுக்குத் தெரியவில்லை.

"அப்டி இல்லம்மா. மொதல்ல இடது செருப்பு. வலதுக்கு செவுத்த புடிக்கணும்."

பிரபாவுக்குக் காதெல்லாம் சுட்டது. வெட்கத்தில் செருப்பைக் கீழே போடவும் தோன்றாமல் நின்றாள்.

"அந்த மேயரு நான்தான்னு எனக்கு மொத நாளே தெரியும்," என்றார் உத்தமன். "உங்கம்மாவுக்கும் தெரியும். நீ ஏன் மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு கீற? இத்தினி வருசத்துல என்ன பாத்து அவ சிரிச்சது இதுலதான்."

அவளுக்கு அழுகை வந்தது. உத்தமன் அதற்குள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "போன ரெடியா வெய்யி. கீழ போயி ஏறி வரேன்." மரகதம் தடுக்கவில்லை. அவளுக்கும் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது.

இறங்கிப் போனவர் வெகு நேரமாகியும் திரும்பவில்லை. மாடிப்படி ஏறி வருவதற்கு இவ்வளவு நேரம் ஆகாது. தெருக்கோடியில் ஒயின் ஷாப் இருப்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். தாளாமல் மரகதம்தான், "எங்கடி போனாரு இந்த மனுசன்?" என்றாள்.

கதவு சத்தமில்லாமல் திறந்தது. செருப்புகள் மார்பில் இருந்தன. உத்தமன் சுவரைத் தொட்டுக்கொண்டு, உலகத்திலேயே ஒழுங்கான மனிதர் தான்தான் என்பது போலத் தலையை நிமிர்த்தி வந்தார். கால் மட்டும் பேச்சைக் கேட்கவில்லை. எதிரில் வந்த ஸ்டூலுக்கு மரியாதையாக வழிவிட்டார். மரகதம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பிரபாவும் தன்னை மறந்து சிரித்தாள். வருடக்கணக்காக அந்த வீட்டை நடுங்கவைத்த நடை அது, சிரித்துக்கொண்டே அதைப் பார்க்க முடிந்ததே என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. கட்டில் கால் தடுக்கி உத்தமன் சரிந்து உட்கார்ந்தார்.

"போதும்ப்பா, சூப்பரா வந்துருச்சு," என்றாள் பிரபா.

உத்தமன் எழுந்திருக்கவில்லை. விரலை உதட்டில் வைத்து, "ஷ்ஷ்…" என்றார். கண்கள் செருகியிருந்தன.

"அப்பா, போதும்."

மரகதத்தின் சிரிப்பு நின்றது. தரையில் கை ஊன்றி அவர் எதிரில் மண்டியிட்டாள். "ஊதுய்யா," என்றாள்.

உத்தமன் வாயை இறுக்கி மூடிக்கொண்டு அவளைப் பார்த்தார். மூச்சை அடக்கியதில் கழுத்து நரம்பு புடைத்தது. ஜன்னலில் போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மரகதம் தன் மூக்கை அவர் மூக்கருகே கொண்டுபோய்க் காத்திருந்தாள்.