எல்டனுக்கு ஒரு துப்பாக்கி

மரம் ஏற்றிப் போன லாரி பள்ளத்தில் உருண்டதில் எல்டன் ஹோய்ட் உயிர் தப்பியதே பெரிது என்றார்கள். கழுத்தெலும்புகளைச் சேர்த்துத் தகடு வைத்துத் திருகாணியால் முடுக்கிவிட்டார்கள். அதன்பிறகு அவனால் தலையை மட்டும் தனியாகத் திருப்ப முடியாது. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் உடம்பையே திருப்பிக்கொண்டுதான் பார்ப்பான். லாரி ஓட்டும் வேலை போயிற்று, குதிரை ஏறுவது போயிற்று. அவனுக்கு மிஞ்சியது ஒரே ஒரு ஆசை. அக்டோபரில் மலையேறி ஓர் எல்க் மானைச் சுட வேண்டும்.

அதற்குத் தடையாக நின்றது அவன் அப்பா வைத்துவிட்டுப் போன துப்பாக்கி. முந்நூறு மேக்னம். பெரிய தோட்டா போடுகிற ரகம், கடப்பாரை மாதிரி கனக்கும். கனமானதைத் தோளில் மாட்டக் கூடாது, சுடும்போது துப்பாக்கி பின்னால் தள்ளுகிற பெரிய உதை எதையும் கழுத்து வாங்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆகவே இலேசான துப்பாக்கி ஒன்று வாங்குவது என்று முடிவாயிற்று. அதில்தான் சிக்கல். கனத்த துப்பாக்கி தன் உதையில் பாதியைத் தானே விழுங்கிக்கொள்ளும். இலேசானது அத்தனையையும் சுடுகிறவன் தோளுக்குத் தள்ளிவிடும். எடையைக் குறைத்தால் தோட்டாவையும் சிறிதாக்கியே ஆக வேண்டும்.

எல்டனின் மனைவி மார்லாவுக்கு இது விளங்கியது. அவன் அண்ணன் வெர்னுக்கு விளங்கவில்லை, அல்லது விளங்காத மாதிரி இருந்தான்.

மே மாதம் ஒரு நாள் மூவரும் துப்பாக்கி விற்கிற டூலியின் கடைக்குப் போனார்கள். டூலி இரண்டு துப்பாக்கிகளை எடுத்து மேஜைமேல் துணி விரித்து வைத்தார். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரு கையால் தூக்கிவிடலாம். ஒன்று முந்நூறு மேக்னம். இன்னொன்று செவன்-ஓ-எயிட் என்கிற சின்ன ரகம், தோட்டா அதில் பாதி நீளம்கூட இருக்காது என்று தோன்றும்.

"எல்க்டா அது. எழுநூறு பவுண்டு மிருகம்," என்றான் வெர்ன். "அதைப் போய் இந்தப் பல்குச்சியால குத்தப் போறியா? அது திரும்பி நின்னு உன்னப் பாத்து சிரிக்கும்."

"நான் பதினாலு வயசுல இதவிடச் சின்னதுல எல்க் அடிச்சேன்," என்றாள் மார்லா. "எங்க போடுறோம்ங்கிறதுதான் முக்கியம் வெர்ன்."

"உங்கப்பா பக்கத்துல படுத்துக்கிட்டு உனக்காக விசைய அழுத்தியிருப்பாரு."

"எங்கப்பா அப்ப லாரியில தூங்கிட்டிருந்தாரு. போதையில."

"சண்டைய வெளிய வச்சுக்குங்கப்பா," என்றார் டூலி. "இங்க கைக்கு எட்டுறதெல்லாம் சுடும்."

எல்டன் இலேசான மேக்னத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் சுட்டுப் பார்க்கிற இடத்துக்குப் போனான். மார்லா வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அண்ணன் முன்னால் சொன்னால் எல்டன் முகம் சுருங்கிவிடும் என்று அடக்கிக்கொண்டாள். ஒரே ஒரு தடவைதான் சுட்டான். பலகைமேல் சாய்ந்திருந்த அவன் உடம்பு முழுவதும் பின்னால் தள்ளப்பட்டது. எழுந்து வந்து, "நல்லாத்தான் இருக்கு," என்றான்.

"பாத்தியா? ஹோய்ட் ரத்தம்," என்றான் வெர்ன்.

டூலி காப்பி கொடுத்தார். இடது கைக்காரனான எல்டன் கோப்பையை வலது கையால் வாங்கினான். இடது கையை ஜாக்கெட் பைக்குள் விட்டிருந்தான். அது உள்ளே நடுங்குவது துணி வழியாகவே தெரிந்தது. மார்லா செவன்-ஓ-எயிட்டின்மேல் கையை வைத்தாள்.

"இதுதான். பில் போடுங்க டூலி."

எல்டன் அண்ணனை ஒரு தரம் பார்த்தான். பிறகு கண்களைத் தாழ்த்திக்கொண்டான். மறுக்கவில்லை.

கோடை முழுக்க அவன் அந்தத் துப்பாக்கியோடு பழகினான். இருநூறு கஜத்தில் காகிதத் தட்டுகளைக் கம்பத்தில் அடித்துவைத்துச் சுடுவான். ஓட்டைகள் நடுவிலேயே விழுந்தன. வீட்டுக்கு வரும்போது சீட்டியடித்துக்கொண்டு வருவான். விபத்துக்குப் பிறகு அந்தச் சத்தத்தை மார்லா கேட்டதே இல்லை. ஒரு தட்டை எடுத்துக்கொண்டு போய் அண்ணனிடம் காட்டினான். வெர்ன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தட்டுதானே, ஓடாது," என்று சொல்லி நீட்டினான். அன்று எல்டன் சாப்பிடவில்லை.

சிறு வயதிலிருந்தே அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்துதான் வேட்டைக்குப் போவார்கள். அந்த மலையில் கிரிஸ்லி கரடிகள் அதிகம். துப்பாக்கிச் சத்தம் கேட்டால் ஓடிப்போகாமல், இறைச்சி கிடைக்கும் என்று தேடி வரப் பழகிய கரடிகள். அதனால் ஒருவன் குனிந்து மானின் வயிற்றைக் கிழித்தால் இன்னொருவன் முதுகுப் பக்கம் துப்பாக்கியோடு நிற்பான். இது அங்கே யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லாத வழக்கம்.

சீசன் தொடங்கப்போகிற வாரம் வெர்ன் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் மார்லாவுக்கும் கேட்டது.

"நான் இந்த வருஷம் வரல."

"ஏன்?"

"நீ எதையாவது அரைகுறையா சுட்டு வைப்ப. அது பள்ளத்துல இறங்கும். நான் உன் பின்னாடி ரத்தத்தைத் தேடிக்கிட்டு அலையணும். எனக்கு வயசாயிடுச்சுடா. அப்பா துப்பாக்கிய எடுத்துட்டு வா, வர்றேன். இல்லைன்னா உன் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போ, துப்பாக்கி அவ எடுத்ததுதானே."

"சரி," என்றான் எல்டன். வைத்துவிட்டான்.

மார்லா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். "சனிக்கிழமை வரைக்கும் பொறு. நான் வர்றேன்," என்றாள்.

"சனிக்கிழமை ஊர்ல பாதி மலைமேலதான் இருக்கும். எல்க் எல்லாம் அந்தப் பக்கம் இறங்கிடும்."

"தனியா வேண்டாம் எல்டன்."

"கரடி வந்தா மூஞ்சில அடிக்குற ஸ்ப்ரே இருக்கு. துப்பாக்கி இருக்கு. நான் என்ன குழந்தையா?"

வியாழக்கிழமை விடியுமுன்னே கிளம்பிப் போனான். இருட்டிய பிறகும் வரவில்லை. மார்லா வெர்னைக் கூப்பிட்டாள். அவன் உடனே லாரியை எடுத்துக்கொண்டு போனான். தேடுகிற ஆட்களும் போனார்கள். மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால், கரடி கிழித்துப்போட்ட தம்பியின் உடலைக் கண்டவன் வெர்ன்தான். மார்லாவைப் பார்க்க விடவில்லை. சவப்பெட்டியையும் மூடியே வைத்திருந்தார்கள்.

அடக்கம் முடிந்து சர்ச் கூடத்தில் சாப்பாடு நடந்தது. பெண்கள் பன்றி இறைச்சியும் உருளைக்கிழங்கும் தட்டுகளில் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வெர்ன் ஆட்களோடு மூலையில் நின்றிருந்தான். மார்லா பக்கத்தில் வந்தபோது அவன் குரல் உயர்ந்தது.

"கரடி திரியற மலைக்கு ஒருத்தனைப் பொம்மைத் துப்பாக்கியக் குடுத்து அனுப்பினா வேற என்ன ஆகும்? அப்பா துப்பாக்கி இருந்திருந்தா என் தம்பி இன்னிக்கு இருந்திருப்பான்."

தட்டு வைத்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் மனைவி நோரா, "வெர்ன், போதும்," என்றாள். அவன் நிறுத்தவில்லை.

"நீதானே எடுத்துக் குடுத்த மார்லா? சொல்லு. நீதானே?"

"நான்தான்," என்றாள் மார்லா.

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. பெட்ரோல் போடுகிற இடத்தில், மளிகைக் கடையில், எல்லா இடத்திலும் அதுவே பேச்சு. முகத்துக்கு நேரே யாரும் கேட்கவில்லை. அவள் வந்தால் பேச்சு நின்றது, அவ்வளவுதான். மார்லாவும் மெல்ல மெல்ல நம்பத் தொடங்கினாள். பஸ் ஓட்டும்போதே கண்முன்னால் கரடி எழுந்து நிற்கும், எல்டன் சுடுவான், தோட்டா அதன் கொழுப்பில் போய் அமுங்கிவிடும், அது வந்துகொண்டே இருக்கும். ஒருமுறை பிள்ளைகள் கத்திய பிறகுதான் நிறுத்தத்தைத் தாண்டிவிட்டது தெரிந்தது. எல்டன் சுட்டுப் பழகிய காகிதத் தட்டுகளையெல்லாம் கொட்டகையிலிருந்து எடுத்துப் போட்டு எரித்தாள். அண்ணன் சொன்னதை அவன் கேட்டிருப்பானே, நான்தானே இடையில் கையை வைத்தேன் என்று தன்னையே அரித்துக்கொண்டாள்.

நவம்பர் பாதியில் வனவிலங்குத் துறை அதிகாரி பிராண்ட் வீட்டுக்கு வந்தார். இளம் வயது. விசாரணை முடிந்து துப்பாக்கியை உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். மார்லா அதைத் தொடாமல் தள்ளி நின்றாள்.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள். "எத்தனை தடவ சுட்டான்? கரடிய."

பிராண்ட் புரியாமல் பார்த்தார். "கரடியச் சுடவே இல்லைங்க. உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

"என்ன சொல்லல?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். "சுட்டது ஒரே தோட்டா. எல்க்கைத்தான். ரெண்டு நுரையீரலையும் துளைச்சுட்டுப் போயிருக்கு. நின்ன இடத்துலேருந்து கொஞ்ச தூரத்துலயே விழுந்துடுச்சு. அதவிடச் சுத்தமா யாரும் சுட முடியாது. அவர் அதோட குடல எடுத்துட்டிருக்கும்போது கரடி பின்னாடி புதர்லேருந்து வந்திருக்கு. துப்பாக்கி தள்ளி ஒரு மரத்துல சாஞ்சிருந்துது. ஸ்ப்ரேயும் அங்கேயே பைக்குள்ள இருந்துது. அவரால திரும்பிக்கூடப் பாத்திருக்க முடியாது. கழுத்து வேற அப்படி..."

மார்லா உட்கார்ந்துவிட்டாள்.

"எந்தத் துப்பாக்கியா இருந்தாலும் இதே கதைதாங்க," என்றார் பிராண்ட். "உங்க வீட்டுக்காரரோட அண்ணன்கிட்ட அன்னிக்கே சொன்னேனே. அந்த மரத்தடியிலேருந்து துப்பாக்கிய எடுத்து எங்க கையில குடுத்ததே அவர்தான்."

அவர் போன பிறகு மார்லா கோட்டைக்கூட மாட்டவில்லை. அப்படியே காரை எடுத்துக்கொண்டு வெர்ன் வீட்டுக்குப் போனாள். அவன் கொட்டகையில் டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தான். அவள் கால்களைப் பார்த்ததும் வெளியே வந்தான்.

"துப்பாக்கி மரத்துல சாஞ்சிருந்துச்சு," என்றாள்.

அவன் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டான்.

"உனக்குத் தெரியும். நீதான் எடுத்த. அதத் தெரிஞ்சுக்கிட்டே அத்தன பேர் முன்னாடி என்னைக் கேட்ட."

"முந்நூறா இருந்திருந்தா..."

"பீரங்கியா இருந்தாலும் அதுவும் அந்த மரத்துலதான் சாஞ்சிருக்கும் வெர்ன்!"

அவன் துணியைக் கீழே போட்டான். மார்லா அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவன் முகத்தைப் பார்த்தபோதே நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் சர்ச் கூடமும் கடைவீதியும் பஸ்ஸில் கத்திய பிள்ளைகளும் சேர்ந்து அவளைத் தள்ளின.

"அவனுக்குப் பெரிய துப்பாக்கி வேண்டியதில்ல. அவன் முதுகுக்குப் பின்னால ஒரு ஆள் வேண்டியிருந்துச்சு. தலையத் திருப்ப முடியாதவன். ஒரே ஒரு ஆள். அந்த ஆள் அன்னிக்கு எங்க இருந்தான்?"

வாசலில் நோரா நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். வெர்ன் மனைவியைப் பார்த்தான், பிறகு மறுபடி டிராக்டருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். வேலை செய்யும் சத்தம் எதுவும் கேட்கவில்லை. வெறும் பூட்ஸ் கால்கள் இரண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

ஊரின் பேச்சு திசை மாறியது. எப்படி மாறியது என்று மார்லா கேட்கவில்லை. நோராவே சொல்லியிருக்கலாம், பிராண்ட் சொல்லியிருக்கலாம். இப்போது வெர்ன் நுழைந்தால் கடையில் பேச்சு நின்றது. அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. குளிர்காலம் முழுதும் அவன் வீட்டை விட்டு வெளியே வரவில்லை என்றார்கள். குடிக்கிறான் என்றார்கள். அடக்கத்துக்குப் பிறகு வெர்ன் தன் வீட்டுக்கு எடுத்துப்போயிருந்த அப்பாவின் மேக்னத்தை நோரா தன் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் ஒளித்துவைத்திருக்கிறாள் என்றும் ஒருவர் சொன்னார். ஏன் என்று மார்லாவுக்குப் புரிந்தது. அன்று பஸ்ஸை நிறுத்திவிட்டு நெடுநேரம் அதிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஏப்ரலில் பனி உருகியதும் நோரா வந்தாள். உள்ளே வரவில்லை, படியிலேயே நின்றாள்.

"நீ ஒரு தடவ வெர்ன்கிட்ட பேசணும்."

"என்ன பேச?"

"தெரியல மார்லா. அவன் சாப்பிடுறதில்ல, தூங்குறதில்ல. நான் சொன்னா காதுல ஏறல. நீ சொன்னா ஏறும். என்ன வேணா சொல்லு."

மார்லா போனாள். வெர்ன் ஆற்றோரம் பனியில் சாய்ந்துபோன வேலியைச் சரிசெய்துகொண்டிருந்தான். ஆளே பாதியாகியிருந்தான். சட்டை தொங்கியது. அவளைப் பார்த்தும் கம்பியை இழுப்பதை நிறுத்தவில்லை. அவள் சொல்ல வந்ததை வழியெல்லாம் மனசுக்குள் ஓட்டிப்பார்த்துக்கொண்டே வந்திருந்தாள்.

"வெர்ன், துப்பாக்கி சின்னதா இருந்ததாலதான்னே வச்சுக்கலாம். நான் தப்பா எடுத்துட்டேன். ஊர்ல கேக்குறவங்ககிட்ட நானே சொல்லிடறேன்."

அவன் சிரித்த மாதிரி இருந்தது. "பொய் சொல்ல வராது உனக்கு."

"வராது."

கம்பியைக் கம்பத்தில் சுற்றி முறுக்கினான். அது நழுவி அவன் மணிக்கட்டைக் கீறியது. ரத்தத்தைக் கவனிக்காமல் அவன் பேசினான்.

"அன்னிக்குக் காலைல போன் பண்ணான்."

"யாரு?"

"எல்டன். மலையடிவாரத்துலேருந்து. இருட்டுலயே. நான் முழிச்சுத்தான் இருந்தேன். பேரைப் பாத்தேன். கெஞ்சட்டும்னு நெனச்சேன். ரெண்டாவது தடவையும் அடிச்சான்." அவன் வேலியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ரெண்டாவது தடவையும் எடுக்கல."

மார்லா ஆற்றைப் பார்த்தாள். எல்டன் மனம் மாறி, 'பயமா இருக்கு, வா' என்று சொல்லக் கூப்பிட்டானா, அல்லது, 'பெரிய கொம்போட ஒரு எல்க் தெரியுது, வந்து பாரு' என்று சொல்லக் கூப்பிட்டானா? இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. தன்னைக் கூப்பிடாமல் அண்ணனைக் கூப்பிட்டிருக்கிறான் என்பதும் முள்ளாகக் குத்தியது. இவனை அடிக்க வேண்டும்போலவும் இருந்தது. அடிப்பதற்கு அங்கே ஆள் என்று எதுவும் மிச்சமில்லை.

"நோராகிட்ட சொன்னியா?" என்றாள்.

"யார்கிட்டயும் சொல்லல."

"சொல்லு. அவகிட்ட இன்னிக்கே சொல்லு. தனியா வச்சுக்கிட்டிருக்காதே."

"உனக்கு என் மேல கோவம்..."

"அதக் கேக்காதே வெர்ன். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல."

அவன் தலையாட்டினான். கம்பி மறுபடியும் தளர்ந்து தரையில் கிடந்தது. ஒருவனால் ஒரே நேரத்தில் இழுத்துப் பிடிக்கவும் முறுக்கவும் முடியாத நீளம் அது. மார்லா தன் கழுத்துத் துணியை அவிழ்த்து, மணிக்கட்டில் கட்டிக்கொள்ளச் சொல்லி அவனிடம் நீட்டினாள். பிறகு குனிந்து கம்பியின் முனையை எடுத்துப் பிடித்துக்கொண்டாள். அவன் முறுக்கினான். அந்தக் கம்பம் முடிந்ததும் அவள் காருக்குத் திரும்பிப் போனாள். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.