திம்மராயன் கட்டிய பொக்கே

ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் மாலைகளை ஒதுக்கிக்கொண்டிருந்த திம்மராயனின் கையில் அஃப்ஸானா ஒரு பக்கெட்டைக் கொடுத்தாள். பக்கெட் நிறையச் சிவப்பு ரோஜா, காம்பு ஒவ்வொன்றும் முழ நீளம்.

"அண்ணா, நீங்களே கட்டிருங்க. வேற யாரு கட்டுனாலும் அக்காவுக்கு மனசு ஆறாது."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உத்தனப்பள்ளிப் பக்கம் ரோஜா வளர்க்கிற பிளாஸ்டிக் கூரைப் பாலிஹவுஸில், காம்பின் நீளம் பார்த்துப் பூப் பிரிக்கும் ஷெட்டில், அவன் மனைவி ஜோதியம்மாளோடு ஒன்பது வருடம் நின்றவள் அஃப்ஸானா. பின்னால் இன்னும் ஆறேழு பெண்கள், வேலைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார்கள். நேற்றுச் சாயங்காலம் வேன் ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த ஜோதியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களும் இவர்கள்தான். போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"என்னம்மா கட்டறது?" என்றான்.

"இப்பிடி கேக்கறீங்களேண்ணா, பொக்கேதான்! வாராவாரம் அக்கா போன்ல போட்டோ காட்டும். 'வளஞ்சது, ஒடிஞ்சதுன்னு கம்பெனில தள்ளுற பூவ நான் கொண்டு போறதோட சரி. எங்கூட்டுக்காரரு குந்திக்கிட்டு எவ்ளோ அழகா பாட்டில்ல வெக்கறாரு பாரு'ன்னு சொல்லும். எங்கூட்ல ஒரு சொம்பு தண்ணி மோந்து தர ஆளில்ல. எங்களுக்கெல்லாம் அவ்ளோ பொறாம."

பின்னால் நின்ற பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினார்கள்.

திம்மராயன் ஐஸ் பெட்டியைத் திரும்பிப் பார்த்தான். அடிப்பாவி மகளே, இப்படியா சொல்லி வைத்தாய்! ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சமையலறைத் தரையில் பூவைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்து பாட்டிலில் வைத்தது அவள்தான். "தலையில வெச்சா ஒரு அர்த்தம், சாமிக்கு வெச்சா ஒரு அர்த்தம். பாட்டில்ல சொருகி யாருக்குடி காட்டற? நாம என்ன ஓட்டலா நடத்தறோம்?" என்று கேட்டவன் அவன். டிவியை மறைக்கிறது என்று ஒரு தடவை பாட்டிலோடு தூக்கிக் கொல்லையில் வைத்தான். அவள் அடுத்த வாரம் காம்பைக் குட்டையாக வெட்டி வைத்தாள்.

உண்மையைச் சொல்லிவிடலாமா? சொன்னால் பெட்டிக்குள் கிடக்கிறவள் பொய்க்காரி ஆகிவிடுவாள். ஒன்பது வருடம் பெருமையாக நின்றவளை, செத்த அன்றைக்கா தலைகுனிய வைப்பது?

"திம்மா, அந்தப் பூவ உதுத்துக் குடுடா, வழியில எறைக்க ஆவும்," என்று அவனுடைய அக்கா சென்னம்மா முறத்தோடு வந்தாள். "வண்டிக்காரன் வேற பறக்கறான்."

"உதுக்க வேணாம்க்கா. நான் பொக்கே கட்டறேன்."

"நீயா?"

"நாந்தானக்கா எப்பவும் கட்டறது."

சென்னம்மா தம்பியை மேலும் கீழும் பார்த்தாள். என்னவோ கேட்க வாயெடுத்தவள், அந்தப் பெண்களைப் பார்த்துவிட்டு முறத்தைக் கீழே வைத்தாள்.

அவன் தரையில் உட்கார்ந்து இருபது பூவை ஒரே பிடியாகப் பிடித்து நூலைச் சுற்றினான். அவன் வேலை பார்க்கிற தொழிற்சாலை லைனில் ஒரு ஷிப்டுக்கு ஆயிரம் போல்ட் முடுக்குகிற கை. ஒரு காம்பும் சொன்னபடி நிற்கவில்லை. தூக்கியதும் கொத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நாலைந்து பூ கீழே விழுந்தது. அவிழ்த்து மறுபடி கட்டினான். மறுபடியும் சாய்ந்தது. கழுத்தெல்லாம் வேர்த்தது. இவ்வளவு கஷ்டமா இது? வாரம் தவறாமல் பார்த்தும் ஒரு நாள்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லையே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

அஃப்ஸானா அவன் விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி, அவன் கை யாருக்கும் தெரியாதபடி எதிரே வந்து உட்கார்ந்தாள். "முள்ளு கெடக்குதுண்ணா, நான் பாத்து எடுத்துத் தரேன்," என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். பக்கெட்டிலிருந்து இருப்பதிலேயே நீளமான பூவை உருவி, "இது நடுவுல," என்றாள் அவனுக்கு மட்டும். அடுத்து அதைவிட இரண்டு விரல் குட்டையானதை எடுத்தாள்.

வாசலில் வண்டி ஹாரன் அடித்தது.

"இருப்பா! பொண்டாட்டிக்குப் பூ கட்டறான்," என்று சத்தம் போட்டாள் சென்னம்மா.

அஃப்ஸானா அடுத்த பூவை நீட்டினாள்.