வலக்கடியன்

செங்கல்பட்டில் அந்தக் கல்லூரியில் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி 'அலுவலர் செய்தி' என்று இரண்டு பக்கத் தாள் ஒன்று வரும். டைப்பிஸ்ட் சம்பத் ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் மெஷினில் அறுபது பிரதி ஓட்டி, மை காய்வதற்குள் ஒவ்வொரு துறைக்கும் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். யார் புதிதாகச் சேர்ந்தார், யாருக்கு மாற்றல், யார் மகளுக்குக் கல்யாணம், எந்தப் பயிற்சிக்கு எந்த ஆசிரியர் போகிறார் என்பதெல்லாம் அதில் இருக்கும். விலங்கியல் துறை டெமான்ஸ்டிரேட்டர் வச்சலாவின் பெயர் ஒன்பது வருஷத்தில் அதில் இரண்டே தடவைதான் வந்திருந்தது. வேலையில் சேர்ந்தபோது ஒரு தடவை, பிரசவ லீவு முடிந்து திரும்பியபோது ஒரு தடவை.

1975 மார்ச் மாதத் தாளில் இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு அறிவிப்பு இருந்தது. தெற்கே கடலோரத்தில் இருக்கும் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் மே மாதம் தொடங்கி ஆறு வாரம் கடல் உயிரியல் கோடைப் பயிற்சி. கல்லூரி ஆசிரியர்கள் விண்ணப்பிக்கலாம். தங்கள் பகுதிக் கடலைப் பற்றி ஒரு கட்டுரை அனுப்ப வேண்டும். ஏப்ரல் பத்து கடைசி நாள்.

வச்சலா அதை நின்றபடியே மூன்று முறை படித்தாள். அவள் பிறந்தது புதுப்பட்டினம் குப்பத்தில். அண்ணன் இருசப்பன் இன்றைக்கும் அங்கே கரைவலை இழுக்கிறான். அம்மா ஆதியம்மாள் கூடை சுமந்து மீன் விற்றுத்தான் அவளை பி.எஸ்சி. வரை படிக்கவைத்தாள். கல்லூரியில் வச்சலாவின் வேலை, மாணவர்களுக்குத் தவளை அறுத்துக் காட்டுவதும் ஜாடிகளில் ஃபார்மலின் மாற்றுவதும்தான். எம்.எஸ்சி. இல்லாததால் அதற்கு மேல் போக வழியில்லை என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவளும் நம்பிவிட்டிருந்தாள்.

துறைத் தலைவர் சுப்புராமன் கெட்டவர் அல்ல. சட்டம் பேசுகிறவர். விண்ணப்பத்தை அவரிடம் நீட்டினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ஆசிரியர்கள்னு போட்டிருக்கு வச்சலா. நீ டெமான்ஸ்டிரேட்டர்."

"நானும் கிளாஸ் எடுக்கறேனே சார்."

"பிராக்டிகல் எடுக்கறே. லெக்சரர் வேற. நான் கையெழுத்துப் போட்டு, அவங்க திருப்பி அனுப்பினா, காலேஜுக்குத்தான் அவமானம்."

அவள் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. நேரே பிரின்சிபால் அறைக்குப் போனாள். பிரின்சிபால் ஞானம்பாள் சரித்திரக்காரர். வார்த்தைகளை அளந்துதான் செலவழிப்பார். விண்ணப்பத்தையும் அறிவிப்பையும் அருகருகே வைத்துப் படித்தார்.

"டெமான்ஸ்டிரேட்டர் கூடாதுன்னு இதுல எங்கே இருக்கு?"

"இல்லை மேடம்."

"அப்ப கேட்டுடுவோம். தந்தி அடிக்கச் சொல்றேன்."

நாலாம் நாள் பதில் தந்தி வந்தது. சம்பத் அதைக் கையில் பிடித்துக்கொண்டு லேபுக்கே ஓடிவந்தார். "வச்சலாம்மா, டெமான்ஸ்டிரேட்டரும் வரலாமாம்! கட்டுரையைப் பார்த்துத்தான் எடுப்பாங்களாம்!" மாணவர்கள் தவளையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

கட்டுரைக்கு ஒரு மாதம்கூட இல்லை. அன்று இரவு கணவன் கங்காதரனிடம் சொன்னாள். அவன் ரயில்வேயில் புக்கிங் கிளார்க். சாப்பிட்டுக்கொண்டே கேட்டவன், "எதைப் பத்தி எழுதப் போற?" என்றான்.

"எங்க ஊர் கரைவலையில வந்து, வேண்டாம்னு தூக்கிப் போடறதைப் பத்தி. ஜெல்லி மாதிரி இருக்கற சொறி, வயிறு உப்பிக்கற பேத்தை, பொடி நண்டு, கடல்பாம்பு. அதையெல்லாம் யாரும் எண்ணினதே இல்லீங்க. தினமும் விடியக்காலம் அங்க நிக்கணும். மூணு வாரம் அம்மா வூட்ல தங்கி, அங்கேருந்தே காலேஜுக்கு வரேன்."

கங்காதரன் தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்தான். "பசங்களுக்கு நான் சோறாக்கிப் போட்டா தின்னுமா?" என்றான் கடைசியில். அதுதான் அவன் சம்மதம்.

மறுநாளே புதுப்பட்டினம் போய்விட்டாள். விடிவதற்கு முன்பே வலை போட்டுவிடுவார்கள். கிழக்கு வெளுக்கும்போது இரண்டு பக்கமும் ஆள் நின்று கயிற்றை இழுத்துக் கரையேற்றுவார்கள். நல்ல மீனைப் பெண்கள் கூடையில் அள்ளிக்கொண்ட பிறகு, மணலில் கிடப்பதையெல்லாம் வச்சலா உட்கார்ந்து பிரிப்பாள். எண்ணுவாள், அளப்பாள், நோட்டில் எழுதுவாள். தெரியாததைப் பாட்டிலில் போட்டு வைப்பாள். பிறகு தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, புடவை மாற்றி, ஏழு மணி பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு. பத்து மணிக்கு லேபில் இருப்பாள்.

ஆதியம்மாளுக்கு இது பிடிக்கவில்லை.

"இன்னாடி இது? காலேஜ் வாத்தியாரம்மா கழிச்சதப் பொறுக்கிகினு கீதுன்னு ஊரே சிரிக்கிது."

"சிரிக்கட்டும்மா."

"இதுக்கா நான் வெயில்ல கூடை தூக்கி உன்ன படிக்க வெச்சேன்?"

"இதுக்குத்தாம்மா," என்றாள் வச்சலா, ஒரு பேத்தை மீனின் முதுகில் ஸ்கேலை வைத்தபடி. ஆதியம்மாள் முணுமுணுத்துக்கொண்டே போனாள். ஆனால் அடுத்த நாள் தன் கூடையில் தப்பி வந்திருந்த ஒரு விசித்திரமான நண்டைக் கொண்டுவந்து மகள் முன்னால் போட்டுவிட்டுப் போனாள்.

இருசப்பனுக்கோ இது திருவிழா மாதிரி ஆகிவிட்டது. வலையில் பாம்பு வந்தால் முன்பெல்லாம் கோலால் தூக்கிக் கடலில் வீசுவான். இப்போது, "வச்சலா, ஓடியா! வலக்கடியன் வந்துகீது!" என்று கத்துவான். மூக்கு வளைந்து, வலைக் கண்ணைக் கவ்விக்கொண்டு தொங்கும் பாம்பு அது. கடித்தால் ஆள் பிழைப்பது கஷ்டம். இருசப்பன் கவைக்கோலால் கழுத்தை அமுக்கிப் பிடிப்பான். அவள் தள்ளி நின்றே நீளத்தைக் குறித்துக்கொள்வாள். இருபத்தொரு காலையில் நாற்பத்து மூன்று வலக்கடியன் வந்தது. பதின்மூன்றாம் நாள் நீரோட்டம் திரும்பியது. அதற்குப் பிறகுதான் அவற்றில் முப்பத்தாறு வந்தன. அது நோட்டைக் கூட்டிப் பார்த்தபோதுதான் அவளுக்கே தெரிந்தது. பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவள் பக்கத்து சீட்டுக்காரி திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகச் சிரித்துவிட்டாள்.

கட்டுரையை சம்பத் டைப் அடித்துக் கொடுத்தார். ஒவ்வொரு உயிரினத்துக்கும் அறிவியல் பெயர் போட்டு, அதன் பக்கத்தில் குப்பத்தில் வழங்கும் பெயரையும் எழுதியிருந்தாள். அனுப்புவதற்கு முன் சுப்புராமனிடம் காட்டினாள். அவர் முழுவதும் படித்தார். எண்களைச் சரிபார்த்தார். பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்தார்.

"வேலை நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த ஊர்ப் பேரையெல்லாம் அடிச்சிடு. சயின்ஸ் பேப்பர்ல வலக்கடியன், சொறின்னு எழுதினா சிரிப்பாங்க."

"எனக்குச் சொன்னவங்க பேரு அது சார். அவங்க இல்லாம இந்தக் கணக்கே இல்லை."

"உன் நன்மைக்குத்தான் சொல்றேன்."

அவள் அன்று முழுக்க யோசித்தாள். பெரிய மனிதர், இருபத்தைந்து வருஷ அனுபவம், அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு மனம் சொன்னது. ஒரு தடவை அடிப்பதற்குப் பேனாவைக்கூட எடுத்துவிட்டாள். இருசப்பன் அலையில் இடுப்பளவு நின்று கத்தியது காதில் கேட்டது. பேனாவை மேஜைக்குள் போட்டுவிட்டு, கட்டுரையை அப்படியே உறையில் வைத்து ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினாள்.

ஏப்ரல் கடைசியில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். சென்னையில், ஒரு விலங்கியல் துறையின் மாடி அறையில். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் வெள்ளைத் தலையோடு ஒரு முதிய விஞ்ஞானி, கைகளைக் கோத்துக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். வலப்பக்கம் இருந்த இளையவர்தான் கேள்வி கேட்டார். முதல் இரண்டுக்கும் பதில் சொன்னாள். மூன்றாவது, அவள் படித்தே இராத ஒரு கணக்கு முறை.

"தெரியாது சார். கத்துக்கத்தான் வரணும்னு இருக்கேன்."

இளையவர் கட்டுரையைப் புரட்டினார். "இது என்ன, வலக்கடியன்? இதெல்லாம் எதுக்கு? மீன்காரங்க ஆளுக்கொரு பேர் சொல்வாங்க."

வச்சலா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எங்க கரையில ஆளுக்கொரு பேர் சொல்றதில்லை சார். மூக்கு வளைஞ்சு, வாயைப் பெரிசாப் பிளந்து, வலையைக் கடிச்சுக்கிட்டு வர்றதுக்கு மட்டும்தான் இந்தப் பேரு. கோடு போட்ட மத்த பாம்புக்கெல்லாம் வேற பேர். நான் எழுதிக்கிட்ட நாற்பத்து மூணுல ஒண்ணைக்கூட அவங்க தப்பாச் சொல்லலை. நான்தான் முதல் வாரம் ரெண்டைத் தப்பா எழுதினேன். எங்கண்ணன் திருத்தினாரு."

முதியவர் முதல் தடவையாக நிமிர்ந்தார். "அம்மா, அந்தப் பேரை இன்னொரு தரம் சொல்லுங்க."

"வலக்கடியன்."

அவர் பியூனைக் கூப்பிட்டு ஏதோ எழுதிக் கொடுத்து நூலகத்துக்கு அனுப்பினார். ஐந்து நிமிஷத்தில் பியூன் தடித்த, முதுகு பிய்ந்த ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தோடு வந்தான். பாம்புகளின் பட்டியல். முதியவர் பக்கங்களைப் புரட்டி, ஓரிடத்தில் விரலை வைத்து, புத்தகத்தை இளையவர் பக்கம் தள்ளினார்.

"படிங்க."

இளையவர் குனிந்து படித்தார். "என்ஹைட்ரினா..." என்று தொடங்கி நின்றார். மறுபடி படித்தார். "என்ஹைட்ரினா வலகடியன்."

"போன நூற்றாண்டுல இந்தப் பாம்புக்கு சயின்ஸ்லயே இதுதான் பேரு," என்றார் முதியவர். அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. "பிற்பாடு மாத்திட்டாங்க. இந்தக் கரையில எவனோ ஒரு மீன்காரன் சொல்லி, எவனோ ஒரு வெள்ளைக்காரன் எழுதிக்கிட்டிருப்பான். இத்தனை வருஷம் கழிச்சு, அதே பேரு, அதே பாம்பு. ஊர்ப் பேரு நம்பகமானதுன்னு இதைவிட சாட்சி வேணுமா?"

வச்சலா அந்தப் பக்கத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். ஆங்கில எழுத்தில் அவள் அண்ணன் குரல் இருந்தது. கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை.

"நீரோட்டம் திரும்பினதும் முப்பத்தாறு," என்றார் முதியவர், கட்டுரையைத் தட்டி. "இதை மூணு வாரத்தோட விடாதீங்க. மே அஞ்சாந்தேதி வந்து சேருங்க."

மே மாத அலுவலர் செய்தியில் முதல் பக்கத்தில், முதல் வரியாக, கோடைப் பயிற்சிக்குத் தேர்வானவர் என்று அவள் பெயரை அடித்திருந்தார் சம்பத். கேட்காமலே பெரிய எழுத்தில் போட்டுவிட்டார்.

பயிற்சியில் முப்பத்திரண்டு பேர். அவள் ஒருத்திதான் டெமான்ஸ்டிரேட்டர். முதல் நாள் படகில் கடலுக்குள் போனபோது பேராசிரியர்கள் பாதிப் பேர் வாந்தி எடுத்தார்கள். வச்சலா ஈரப் பலகையில் காலை மடித்து உட்கார்ந்து வலையை உதறிக்கொண்டிருந்தாள். அன்றைய இரவுச் சாப்பாட்டில் நாலு பேர் அவளிடம் வந்து சந்தேகம் கேட்டார்கள். தெரியாத அந்தக் கணக்கு முறையை இரண்டே வாரத்தில் கற்றுக்கொண்டாள். ஆறாவது வாரம் முடியும்போது முதல் இடம் அவளுக்கு. அதோடு இன்னொரு கடிதமும் வந்தது: அதே நிலையத்தில் ஆகஸ்டிலிருந்து எம்.எஸ்சி. படிக்க இரண்டு வருஷம், முழுச் சம்பளத்தோடு.

வீட்டில் கங்காதரன் கடிதத்தை விளக்குக்கடியில் வைத்துப் படித்தான். "ரெண்டு வருஷமா?" என்றான். பிறகு, "ஞாயித்துக்கிழமை பாசஞ்சர் வண்டி இருக்கு. பாஸ் எழுதிக்கலாம்" என்றான். குழந்தைகள் இரண்டும் அப்பா வைத்த ரசத்தைப் பற்றி அம்மாவிடம் புகார் சொல்ல ஆரம்பித்தன.

பிரின்சிபால் ஞானம்பாள் ஜூலை மாதக் கூட்டத்தில் எழுந்து ஒரே ஒரு விஷயம் சொன்னார். இனிமேல் எந்தப் பயிற்சிச் சுற்றறிக்கை வந்தாலும் லெக்சரர், டெமான்ஸ்டிரேட்டர், அட்டெண்டர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் போக வேண்டும். தகுதியை அழைப்பவர்கள் முடிவு செய்யட்டும். கைதட்டல் பின் வரிசையிலிருந்துதான் முதலில் வந்தது. அடுத்த இரண்டு மாதத்தில் வேதியியல் துறை டெமான்ஸ்டிரேட்டர் ஒருவரும், கண்ணாடிக் கருவி செய்யும் பயிற்சிக்கு ஒரு லேப் அட்டெண்டரும் விண்ணப்பித்தார்கள். இரண்டு பேருக்குமே கிடைத்தது.

அந்தக் கூட்டம் முடிந்த மறுநாள் சுப்புராமன் லேபுக்கு வந்தார். மேஜைக்குப் பக்கத்தில் நின்று ஒரு ஜாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மெட்ராஸ் போனப்ப நானும் அந்தப் புத்தகத்தைப் பார்த்தேன் வச்சலா. ஊர்ப் பேரை அடிக்கச் சொன்னது என் தப்பு."

"நீங்க கணக்கைச் சரி பார்த்துக் கொடுத்தீங்களே சார். அதுல ஒரு தப்புகூட அவங்களால கண்டுபிடிக்க முடியலை."

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஜாடியைக் கீழே வைத்தார். "இருபத்தஞ்சு வருஷமா கடல் உயிரினம் பாடம் நடத்தறேன். கரைவலை இழுத்து ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை."

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் அவர் புதுப்பட்டினம் வந்து இறங்கினார். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு மணலில் தயங்கித் தயங்கி நடந்தார். வலை பாதி ஏறியிருந்தது. அன்றைக்கு நல்ல மீன்பாடு, கயிறு கனத்தது. இருசப்பன் அவரைப் பார்த்து, "சாரு, சும்மா நின்னுகினு கீறீங்களே, இப்டி வந்து ஒரு கை குடுங்க!" என்றான்.

சுப்புராமன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். அவருக்கு முன்னால் வச்சலா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

"குதிகாலை ஊனுங்க சார்," என்றாள். "எல்லாரும் சேர்ந்து, இப்ப!"

வலை ஒரு முழம் கரைக்கு வந்தது.