மலையேறும் வண்டிக்கு ஒரு கண்டன்சர்

"அப்பா, ஸ்டெப்னிய மட்டும் ஏன் ஓடவே விடமாட்டேங்கறீங்க? அது என்ன தப்பு பண்ணுச்சு?"

இதைக் கேட்டபோது பையன் காரின் பம்பர் உயரம்தான் இருந்தான். தையற்காரரான அப்பா, வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை விழுங்காத குறையாகச் சிரித்தார். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஸ்டெப்னியை எடுத்து வண்டியில் மாட்டி ஓட்டினார். அதிலிருந்து அந்த வீட்டில் அதுவே சட்டமாகிவிட்டது. எந்த ஸ்பேரும் முதலில் வண்டியில் ஓடித் தேற வேண்டும். தேறியதுதான் டிக்கிக்குப் போகும். டப்பாவில் தூங்குகிற புதுச் சாமானை நம்பி வெளியூர் கிளம்பக் கூடாது.

அந்தப் பையன் இப்போது மலைக்கு அப்பால், சிறையில் இருந்தான். வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பில், பழுதுக்கு வந்த வண்டிகளிலிருந்து சாமான்களைக் கழற்றி ஒரு கும்பலுக்கு விற்றவன். மறுநாள் காலை விடுதலை. அதே கும்பல் சிறை வாசலுக்கு வண்டி அனுப்புவதாகச் சொல்லியிருந்தது.

"நீங்க யாரும் வரலேன்னா அந்த வண்டியிலதாம்மா ஏறணும்" என்று போனில் சொல்லியிருந்தான். "ஏறிட்டா அப்புறம் இறங்க விடமாட்டாங்க."

காலைக்குள் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிற பஸ் கிடையாது. வாடகை வண்டிக்காரர்கள் மலை என்றதும் கையை விரித்துவிட்டார்கள். மிச்சமிருந்தது கொட்டகையில் நின்ற பழைய கார் ஒன்றுதான். அது பையனைவிட மூத்தது.

தையற்காரர் வரமாட்டேன் என்றுவிட்டார். தீர்ப்பு வந்த அன்றே உறவுக்காரர்கள் முன்னால், "இனி அந்தத் திருடன் முகத்துல முழிக்க மாட்டேன்" என்று சொன்னவர். சொன்ன சொல் தொண்டையில் எலும்பு மாதிரி சிக்கிக்கொண்டு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. ஆகவே முற்றத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, யாரும் அவசரமாகக் கேட்காத ஒரு சட்டைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். முற்றத்தில் அவர் மனைவியும் மச்சானும் டிக்கியை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். விழுகிற சத்தத்தை வைத்தே எது எந்த ஸ்பானர் என்று அவருக்குத் தெரிந்தது.

"அக்கா, இவ்வளவு சாமானா? வண்டியப் பிரிச்சு வண்டிக்குள்ளயே போட்டு எடுத்துட்டுப் போறோமா?" என்றான் மச்சான்.

"வாய மூடிட்டு அந்தக் கேனைத் தூக்கு."

"தூக்கறேன். மலையில நின்னுட்டா என்னையும் தூக்கச் சொல்லுவே. அதையும் இப்பவே சொல்லிடு."

அவள் சிரிக்கவில்லை. கையில் கறுப்பு ரப்பர் வளையங்களோடு கதவருகே வந்து நின்றாள்.

"என்னங்க, இதுல ஃபேன் பெல்ட் எது?"

மிஷின் ஓடியது.

"உங்க மகனுக்காகக் கேக்கல. எனக்காகக் கேக்கறேன். நடு மலையில இருட்டுல நான் நிக்கணுமா? நின்னு, அவன் அந்த வண்டியில ஏறிப் போயிட்டான்னு நாளைக்கு நான் கேக்கணுமா?"

மிஷின் நின்றது. அவர் திரும்பவில்லை. அவள் வளையங்களை அவர் மடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். இரவெல்லாம் ஓட்ட வேண்டியவள். கொஞ்சமாவது கண்ணை மூட வேண்டும். மச்சான் பெட்ரோல் வாங்கக் கிளம்பினான்.

முற்றம் காலியானதும் தையற்காரர் எழுந்து வந்து டிக்கியைப் பார்த்தார். நாலு டார்ச், இரண்டு தலையணை, ஒரு கம்பளி. சக்கர நட்டு கழற்றும் ஸ்பானர் இல்லை. ஜாக்கி இருந்தது, அதன் கைப்பிடி இல்லை. ஸ்பேர் என்று அவள் எடுத்து வைத்திருந்த எல்லாமே பிரிக்காத புது டப்பாக்கள். பாவம், புதுசுதான் நல்லது என்று நினைத்திருக்கிறாள்.

எல்லாவற்றையும் வெளியே இறக்கினார். தானே கேன்வாஸில் தைத்த கருவிச் சுருளை விரித்து, ஒவ்வொரு அறையிலும் ஒரு ஸ்பானராகச் செருகினார். அவள் கேட்ட ஃபேன் பெல்ட், ஜாக்கியின் கைப்பிடி, ரேடியேட்டர் குழாய், கிளிப்புகள், ஃபியூஸ், கம்பிச் சுருள், கட்டுவதற்குக் கிழிந்த சைக்கிள் டியூப், பெட்ரோல் டாங்கில் ஓட்டை விழுந்தால் அடைக்க ஒரு துண்டுச் சோப்பு. கனமானவை அடியில், அவசரத்துக்கு வேண்டியவை கைக்கெட்டும் தூரத்தில். கடைசியில் கண்டன்சர். சுண்டுவிரலின் ஒரு கணு அளவுதான் இருக்கும். அது செத்தால் பிளக்கில் ஒழுங்காகப் பொறி வராது. பொறி இல்லாவிட்டால் வண்டி வெறும் தகரம். வண்டியில் இருந்தது கிழடு. சூடானால் திக்கும், மலை ஏறாது. அதனால்தான் புதிதாக ஒன்று வாங்கி வைத்திருந்தார்.

புதியதை மாட்டி ஸ்டார்ட் செய்தார். இஞ்சின் சந்தோஷமாகப் பிடித்தது. கொஞ்ச நேரத்தில் இருமியது, நின்றது. மறுபடி. மறுபடி. டப்பாவிலேயே செத்துப் பிறந்த சாமான்.

அன்று கடைகள் விடுமுறை. வெயில் சாய்வதற்குள் கிளம்ப வேண்டும். கடவுளே என்று பானெட் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

இதே மாதிரி வண்டி அந்தத் தெருவில் இன்னொன்று உண்டு. மூன்றாவது வீட்டுப் பல் டாக்டருடையது. பையன் கைதான நாளிலிருந்து தையற்காரர் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. எதிரே வந்தால் செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்துவிடுவார். அவர் வாசலில் போய் நின்று, 'ஜெயிலிலிருந்து மகனைக் கூட்டிவர வேண்டும், ஒரு சாமான் கொடுங்கள்' என்று எந்த வாயால் கேட்பது?

டாக்டர் வீட்டுக் கொட்டகை பாதி திறந்திருந்தது. உள்ளே மதியத் தூக்கத்தின் அமைதி. தையற்காரர் கூப்பிட வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. கால் மட்டும் உள்ளே போனது. பானெட்டைத் தூக்கினார். கண்டன்சர் உட்கார்ந்திருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் கிளிப்பைத் தட்டினார். மூடியைக் கழற்றி, உள்ளே ஸ்க்ரூ டிரைவரை நுழைத்தார்.

"கண்டன்சரா?"

கதவில் பல் டாக்டர் நின்றிருந்தார், பனியனும் கலைந்த தலையுமாக.

தையற்காரர் கழற்றிய மூடியைக் கையில் பிடித்தபடி நின்றார். "ம்" என்றார்.

"அந்தக் குட்டி ஸ்க்ரூ இருக்கே, அது உள்ள விழுந்துடும். நான் ரெண்டு தடவை பட்டிருக்கேன். இருங்க, காந்தம் தர்றேன்." அலமாரியில் துழாவினார். "சத்தம் போடாதீங்க. நான் தூங்கறதா எங்க வீட்டம்மா நெனச்சிட்டிருக்கா. முழிச்சிருக்கேன்னு தெரிஞ்சா ஒட்டடை அடிக்கச் சொல்லுவா."

"டாக்டர், நான் கேக்காம எடுத்தேன். இதுக்குப் பேரு..."

"இரவல்" என்றார் டாக்டர், காந்தத்தை நீட்டிக்கொண்டே. "வேற பேரெல்லாம் வேணாம். எனக்கு இந்த மாசம் எங்கயும் போற வேலை இல்ல. மலையில ரெண்டாவது கியர்லயே போங்க."

எந்த மலை, எதற்கு என்று அவர் கேட்கவில்லை. தெரிந்திருந்தது. தெருவுக்கே தெரிந்திருந்தது.

மகன் செய்ததும் இதுவும் ஒன்றல்ல என்று தையற்காரருக்குத் தெரியும். அவன் விற்றுக் காசு பார்த்தவன். ஆனாலும் கையும் களவுமாகப் பிடிபட்டு நிற்கிற ஒருவனிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்ல முடியும் என்பதை அவர் அதுவரை யோசித்ததில்லை. தம் மகனிடம் அப்படி ஒன்றைச் சொல்லக் கடமைப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

இரவல் கண்டன்சரை மாட்டியதும் இஞ்சின் ஒரே சீராக ஓடியது. சத்தம் கேட்டு மனைவி ஓடிவந்தாள். அவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார்.

"நான் ஓட்டறேன். நீ பக்கத்துல உக்காரு."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறினாள். பெட்ரோல் கேனோடு வந்த மச்சான், "அப்ப நான்?" என்றான்.

"வீட்டைப் பாத்துக்க."

"அப்பாடா! இடுப்பு தப்பிச்சுது, மாமா."

மலை அவர்களைச் சோதிக்காமல் விடவில்லை. வழியில் ஒரு குழாய் வெடித்தது. ஸ்பேர் குழாய் டிக்கியில் மேலாகவே இருந்தது. விடிந்த பிறகு சிறை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அங்கே பளபளவென்று ஒரு வெள்ளைக் கார் முன்பே நின்றது. அதில் சாய்ந்து இரண்டு பேர் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தையற்காரர், அணைத்தால் மறுபடி பிடிக்காதோ என்று பயந்து இஞ்சினை அணைக்காமலே வைத்திருந்தார்.

சின்னக் கதவு திறந்தது. துணிப்பையோடு வந்த பையன் முதலில் வெள்ளைக் காரைப் பார்த்தான். அவர்கள் கையசைத்தார்கள். அவன் அவர்கள் பக்கம் ஓரடி வைத்துவிட்டு நின்றான். பழைய இஞ்சின் சத்தம் காதில் விழுந்திருக்க வேண்டும். திரும்பினான்.

அம்மா இறங்குவதற்குள் அப்பா இறங்கினார். பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான் அவருக்கு முடிந்தது.

"வாப்பா" என்றார்.

பையன் வந்தான். ஏறுவதற்கு முன் பானெட் பக்கம் காதைச் சாய்த்து, "கண்டன்சர் நல்லா இருக்கேப்பா" என்றான். பிறகு துணிப்பையோடு ஏறி உட்கார்ந்தான்.

வீடு திரும்பிய சில நாளில், டாக்டரும் அவர் மனைவியும் வெளியே போயிருந்த ஒரு மத்தியானம், தையற்காரர் அந்தக் கொட்டகைக்குள் போனார். கண்டன்சரை இருந்த இடத்திலேயே பொருத்தினார். காந்தத்தை அலமாரியில் வைத்தார். புறப்படும்போதுதான் கண்ணில் பட்டது, முன் இருக்கையின் தையல் ஒரு முழம் பிரிந்து பஞ்சு வெளியே வந்திருந்தது. வீட்டுக்குப் போய் வளைந்த ஊசியும் அதே நிறத்தில் மெழுகு நூலும் எடுத்து வந்தார். பஞ்சை உள்ளே தள்ளி, பழைய துளைகளிலேயே ஊசி ஏற்றி, தையல் புதிது என்று தெரியாதபடி நிதானமாகத் தைத்து முடித்தார். நூலைப் பல்லால் கடித்தார். உதிர்ந்த பஞ்சைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, காரின் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.