மாமாவின் தனி அடுப்பு

தாலுகா ஆபீஸ் ஆர்.ஐ. விசாரணைக்கு வரப்போகிறார் என்றதும் வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் கல் கூட்டி அடுப்பு வைத்தவள் நான்தான். தனியாகப் பொங்கித் தின்கிற ஆளுக்குத்தான் முதியோர் பென்ஷன் பணம் கிடைக்கும் என்று தலையாரி சொல்லியிருந்தார். என் மாமனார் ரெத்தினம் உலை வைத்தார். நான் பானையில் கரி பூசிப் பழசாக்கினேன். ஆர்.ஐ. வந்தார், பார்த்தார், போனார். பணமும் வந்தது, ரேஷன் அரிசியும் வந்தது. ஆனால் மாமா அந்த அடுப்பை விடவில்லை.

"இனிமே எதுக்கு மாமா? உள்ள வந்து சாப்பிடுங்க" என்றேன்.

"இருக்கட்டும் பூவிழி" என்றார்.

இருக்கட்டும் என்றால் என்ன அர்த்தம்? கோபமா, சந்தோஷமா? அந்த முகத்தில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. தட்டில் சோறு கொண்டுபோய் வைத்தேன். கோழிக்குப் போட்டுவிட்டுத் தட்டைக் கழுவித் தந்தார்.

எங்கள் வலங்கைமான் பக்கத்தில் சண்டை போடாமல் யாரும் அடுப்பைப் பிரிப்பதில்லை. நூறு நாள் வேலைக்குப் போனால், வாய்க்கால் கரையில் ஊரே என்னை விசாரித்தது. "மனுசனுக்கு ஒரு வாய் சோறு போட மனசில்லையா ஒனக்கு?" என்று பொன்னுத்தாய் நேராகவே கேட்டாள். திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து என் வீட்டுக்காரர், "அப்பாவ என்னடி சொன்ன?" என்று போனில் கத்தினார். எரிச்சலும் வந்தது, அழுகையும் வந்தது. நான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. மகளுக்குச் சத்துணவும் இல்லை, முட்டையும் இல்லை. மாமா வெளுத்து மடித்த சட்டை போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார். கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர் மாதிரி இருந்தது.

"நீயும் புள்ளையும் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வரணும்" என்றார்.

எது வீடு? பின்னால் இருக்கிற கொட்டகையா? ஒன்றும் விளங்காமல் போனோம். இலை போட்டிருந்தார். ரேஷன் அரிசிச் சோறு, கருவாட்டுக் குழம்பு, பிள்ளைக்கு மட்டும் அவித்த முட்டை.

"உக்காரு ஆயி" என்று சோற்றை அள்ளி வைத்தார். "பண்ணையில கொல்லப்பக்கம் நின்னு வாங்கித் தின்னேன். அப்பறம் ஒங்க அத்தை போட்டா, நீ போட்ட. நான் இதுவரைக்கும் யாருக்கும் போட்டதில்ல."

கோபம் இல்லை என்பது மட்டும் புரிந்தது. இதைப் பொன்னுத்தாயிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. குழம்பில் உப்பு ரொம்ப அதிகம்.

"போதுமா?" என்று என் முகத்தையே பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க மாமா" என்றேன்.